அம்மாச்சி வறுத்த ஈசலும் பேரன் வாங்காத தண்ணீரும்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் மணப்பாறை பக்கம். கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறோம். மகனுக்கு எட்டு வயது. போன தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது நல்ல மழை, ஈசல் கிளம்பியது. என் அம்மா அதைப் பிடித்து வறுத்து, பொரித்த அரிசியோடு கலந்து கொடுத்தார். அவனும் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றான். சென்னைக்கு வந்ததும் பள்ளியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். 'பூச்சி தின்னி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் மாமியார், "சீ, அதெல்லாம் இல்லாதவங்க திங்கிறது. பிள்ளைக்குப் போய்க் கொடுப்பாங்களா?" என்றார். கணவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாச்சி சுட்ட தோசையை அவன் தொடவில்லை. "இந்தச் சட்டியிலதான் அதை வறுத்தியா?" என்று கேட்டான். அவர் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. என் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. ஈசல் குழந்தைக்குக் கெடுதலா? இனிமேல் செய்யாதே என்று அம்மாவிடம் சொல்லிவிடவா? இவனை எப்படி மாற்றுவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில். நன்றாக வறுத்த ஈசலை ஓர் எட்டு வயதுக் குழந்தை கையளவு தின்றதில் கெடுதல் எதுவும் இல்லை. தின்று இத்தனை மாதம் ஆகிவிட்டது, அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகையால் அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். இனிமேல் தின்பதாக இருந்தால் பார்க்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன, கடைசியில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தொந்தரவு செய்தது ஈசல் இல்லை, அந்தத் தண்ணீர்தான்.

குழந்தைகளின் சாப்பாட்டுப் பிரச்சினைகளைப் பார்ப்பது என் தொழில். 'இது பிடிக்காது, அது வேண்டாம்' என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் தினமும் வருகிறார்கள். பாகற்காய் கசக்கிறது, வெண்டைக்காய் வழவழக்கிறது, முட்டை நாறுகிறது என்பார்கள். அதெல்லாம் நாக்கோடும் மூக்கோடும் நிற்கிற மறுப்பு. உங்கள் மகன் சொல்வது வேறு. ஈசல் அவன் நாக்குக்குப் பிடித்திருந்தது, இன்னும் வேண்டும் என்று கேட்டுத் தின்றான். ருசி அப்படியே இருக்க, அது என்ன, யார் தின்பது என்று மற்றவர்கள் சொன்ன பிறகுதான் அவனுக்குக் குமட்டியது. நாக்கில் தொடங்காத மறுப்பை நாக்கின் வழியாகச் சரிசெய்ய முடியாது. 'ஒரு வாய் தின்னு பார், நல்லாத்தானே இருந்துச்சு' என்பது இங்கே வேலைக்கு ஆகாது.

அருவருப்பு என்பது பிறவியிலேயே வருவது என்று பலர் நினைக்கிறார்கள். தவழும் குழந்தையைப் பாருங்கள். எறும்பு, மண், செருப்பின் வார் எல்லாமே வாய்க்குள் போகும். எது தின்னும் பொருள், எது தின்னக் கூடாதது என்பதைப் பக்கத்திலிருக்கும் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது. தொட்டாலே தீட்டாகிவிடும், பட்டாலே கெட்டுவிடும் என்ற எண்ணம் பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு வயதுக்குள் மனதில் உறுதிப்படுகிறது. உங்கள் மகன் சரியாக அந்த வயதில் இருக்கிறான். அதனால்தான் ஈசலோடு நிற்காமல் சட்டிக்கு, தோசைக்கு, கடைசியில் அம்மாச்சியின் கைக்கே அது பரவியிருக்கிறது.

இது அவனுடைய தனிக் குறை இல்லை. அமெரிக்காவில் பால் ரோசின் என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும் 1986-இல் ஒரு சோதனை செய்தார்கள். செத்த கரப்பான் ஒன்றைக் கிருமி நீக்கிச் சுத்தப்படுத்தி, பழச்சாற்றில் முக்கி எடுத்துவிட்டு, குடிக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆபத்தே இல்லை என்று தெரிந்திருந்தும் படித்த பெரியவர்களுக்கே அந்தச் சாறு வேண்டாததாகிவிட்டது. 'சுத்தமானதுதான்' என்ற விளக்கம் அவர்களிடமே எடுபடவில்லை என்றால் எட்டு வயதுப் பையனிடம் எப்படி எடுபடும்? ஆகவே அம்மா சட்டியை எவ்வளவு நன்றாகக் கழுவினார் என்று அவனிடம் வாதாடாதீர்கள். வாதாடினால் சட்டியில் ஏதோ இருந்தது என்றுதான் அவன் மனதில் பதியும்.

இனி மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவரைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அவரும் யாரோ சொல்லக் கேட்டு வளர்ந்தவர்தான். ஆனால் அதற்கு முன், பூச்சி உணவே இல்லை என்று பலர் நினைப்பது உண்மையா என்று பார்த்துவிடலாம்.

உங்கள் வீட்டில் இறால் தொக்கு செய்வீர்களா? நண்டு ரசம்? மீன்கடைக்குப் போகிற பெரும்பாலான வீடுகளில் செய்வார்கள், செலவுக்கு யோசித்துக்கொண்டே செய்வார்கள். இறால், நண்டு, ஈசல் மூன்றுமே கணுக்காலிகள் என்ற ஒரே பெரும் இனத்தைச் சேர்ந்தவை. மேலே ஓடு, கணுக்கணுவாகக் கால், உணர்கொம்பு எல்லாம் ஒன்றுதான். ஒன்று தண்ணீரில் அழுகியதையும் தின்று வளர்கிறது, இன்னொன்று காய்ந்த கட்டையையும் சருகையும் தின்று வளர்கிறது. ஒன்றுக்கு விருந்தில் இடம், இன்னொன்றுக்கு 'சீ'. விவிலியத்தின் லேவியராகமத்தில் இது அப்படியே தலைகீழாக இருக்கிறது. செதிலும் துடுப்பும் இல்லாத நீர்வாழ் உயிர்கள் விலக்கு, ஆகவே இறாலும் நண்டும் தின்னக் கூடாது. வெட்டுக்கிளி தின்னலாம் என்று அதே அதிகாரத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. யோவான் ஸ்நானகன் வனாந்தரத்தில் வெட்டுக்கிளியும் காட்டுத் தேனும் தின்று வாழ்ந்தார் என்று மத்தேயு சொல்வது இந்த மரபிலிருந்துதான். இரண்டு உயிர்களும் மாறவில்லை, பார்க்கிற சமூகம்தான் மாறியிருக்கிறது.

நம் பக்கம் பார்த்தால் ஈசல் புதிதாக வந்த பழக்கமே இல்லை. புறநானூற்றில் கபிலர், பாரியின் பறம்பு மலை எவ்வளவு வளமாக இருந்தது என்று நினைத்து வருந்திப் பாடுகிறார். கார்கால மழை பெய்து ஓய்ந்த நேரத்தில், செம்மண் புற்றிலிருந்து வந்த ஈசலை மோரில் சேர்த்துப் புளிக்கச் சமைத்த உணவு அந்த வளத்தின் அடையாளமாக அங்கே வருகிறது. அகநானூற்றில் இன்னொரு பாட்டு. வரகரிசி, ஆட்டுத் தயிர், ஈரப் புற்றில் கிளம்பிய ஈசல் எல்லாம் சேர்த்து ஆக்கிய சூடான புளிச்சோறு, அதன்மேல் பசு வெண்ணெய் உருகிக்கொண்டிருக்கிறது. அதை வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் போடும் விருந்தாகத்தான் பாடியிருக்கிறார்கள். இல்லாதவர்கள் தின்பது என்ற எண்ணம் அந்தப் பாட்டுகளில் எங்கும் இல்லை. உங்கள் அம்மா செய்தது அந்தச் சமையலின் தொடர்ச்சி. இதை நீங்கள் மாமியாரிடம் தாராளமாகச் சொல்லலாம், சண்டைக்குப் போகாமல், ஒரு சேதியாக.

உங்கள் அம்மாவிடம் இருக்கும் அறிவையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மழை பெய்து மண் நெகிழ்ந்ததும் இறக்கை முளைத்த கறையான்கள் புதுப் புற்று கட்டக் கூட்டமாக வெளியே வருகின்றன. அந்தப் பயணத்துக்கும், முதல் குஞ்சுகளை வளர்க்கும் வரை தாங்குவதற்கும் தேவையான கொழுப்பு உடம்பிலேயே சேமித்திருக்கும். அதனால்தான் ஈசலை வறுக்க எண்ணெய் தேவையில்லை, அதன் கொழுப்பிலேயே அது பொரியும். விளக்கு வைத்துப் பிடிப்பார்கள். வெயிலில் காயப்போட்டு, முறத்தில் புடைத்து இறக்கையைப் பறக்கவிடுவார்கள். பிறகு சட்டியில் இளஞ்சூட்டில் கிளறிக்கொண்டே இருந்தால் சடசட என்று சத்தம் வந்து, முந்திரி வறுக்கிற மாதிரி வாசம் எழும். நல்ல புரதமும் கொழுப்பும் கொண்ட இந்தத் தின்பண்டம் வருஷத்தில் சில நாள்தான் கிடைக்கும். எப்போது கிளம்பும், எந்தப் புற்றில் கிளம்பும், எவ்வளவு தின்றால் வயிறு தாங்கும் என்று தெரிந்த கடைசித் தலைமுறையாக உங்கள் அம்மா இருக்கக்கூடும். அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான்.

உலகமும் சும்மா இல்லை. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் வெளியிட்ட அறிக்கையில், சுமார் 200 கோடிப் பேரின் வழக்கமான உணவில் பூச்சிகள் இருப்பதாகவும், தின்னப்படும் வகைகள் 1,900-க்கு மேல் என்றும் மதிப்பிட்டது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் பகுதிப் பழங்குடி மக்கள் முசுறு எறும்பை அரைத்துச் செய்யும் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது, நம் ஊர்க் கடலைமிட்டாய்க்கும் பால்கோவாவுக்கும் கிடைத்த அதே குறியீடு. சிங்கப்பூர் அரசு 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை உணவாக விற்க அனுமதித்தது. நாளைக்கே உங்கள் மகனின் வகுப்புத் தோழன் ஒருவன் சிங்கப்பூர் போய் வந்து, அழகான பாக்கெட்டில் வெட்டுக்கிளி கொண்டுவந்தால் வகுப்பே சுற்றி நின்று வாய்பிளக்கும். அதே பூச்சி மணப்பாறைப் பக்கத்து மண்சட்டியில் இருந்து வந்தால் பட்டப்பெயர். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

ஏனென்றால் மாமியார் சொன்ன வாக்கியத்தில் பூச்சி என்ற சொல்லே வரவில்லை, கவனித்தீர்களா? 'இல்லாதவங்க திங்கிறது' என்றுதான் சொல்லியிருக்கிறார். வயல் எலி, நத்தை, கருவாடு, பன்றி, மாடு, ரத்தப் பொரியல் எதை எடுத்தாலும் நம் ஊரில் தட்டைப் பார்த்துத்தான் ஆளை எடைபோட்டார்கள், இன்றைக்கும் போடுகிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் முதலில் வருவது 'நீங்க சைவமா?' என்ற கேள்வி. குழந்தைகள் சாதி, வசதி என்றெல்லாம் புரிந்துகொள்வதற்கு முன்பே எந்தச் சாப்பாடு மட்டம் என்று புரிந்துகொள்கிறார்கள். அந்தச் சாப்பாட்டைத் தின்கிறவரும் மட்டம் என்பது அதற்கு அடுத்த படி. உங்கள் மகன் அந்தப் படியில் கால் வைத்துவிட்டான், அதுவும் தன் சொந்த அம்மாச்சியிடம். யார் கையால் தண்ணீர் வாங்குவது, யார் கையால் வாங்கக் கூடாது என்பதற்கு இந்த மண்ணில் எவ்வளவு கொடிய வரலாறு இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அம்மா அன்றிரவு சாப்பிடாமல் படுத்ததற்குக் காரணம் ஒரு தோசை மிஞ்சியதா என்ன?

பயப்படாதீர்கள், எட்டு வயதில் இது கல்லில் எழுதியது இல்லை. என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுங்கள். அவன் இனி ஆயுசுக்கும் ஈசல் தின்னாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. தின்ன வைப்பது நம் நோக்கமே இல்லை என்று உங்களுக்கும் தெரிய வேண்டும், உங்கள் அம்மாவுக்கும் தெரிய வேண்டும், அவனுக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "உனக்கு வேண்டாம்னா வேண்டாம். யாரும் ஊட்ட மாட்டாங்க. ஆனா அம்மாச்சி சாப்பிடுறதைப் பார்த்து மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது." இவ்வளவு போதும். கட்டாயப்படுத்தி ஊட்டியது, ஏமாற்றிக் கலந்து கொடுத்தது எல்லாம் அருவருப்பைப் பல வருஷத்துக்கு நிலைக்க வைத்துவிடும். என்னிடம் வந்த பல பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, போதிக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு. இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்புகளைச் சமைக்கச் சொல்லி அரசு வற்புறுத்தியது, அங்கே அவற்றை மட்டமாக நினைத்தார்கள். குர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1943-இல் வெளியிட்ட ஆய்வில், சத்து பற்றிச் சொற்பொழிவு கேட்ட இல்லத்தரசிகளில் 3 சதவீதம் பேர்தான் வீட்டில் சமைத்துப் பார்த்தார்கள். தங்களுக்குள் உட்கார்ந்து தயக்கத்தைப் பேசி முடிவெடுத்த குழுக்களில் 32 சதவீதம். ஆகவே மேலே நான் எழுதிய புறநானூற்றையும் சிங்கப்பூரையும் பையனிடம் பாடமாக ஒப்பிக்க வேண்டாம். அவனைக் கேளுங்கள். "பள்ளியில என்ன சொன்னாங்க? அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு? தின்னும்போது எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, பேச விடுங்கள். 'பூச்சி தின்னி' என்று கூப்பிட்டபோது அவன் தனியாக நின்றிருக்கிறான். அந்த அவமானத்தை வீட்டில் யாரும் வாங்கிக்கொள்ளாததால்தான் அதை அம்மாச்சி மேல் இறக்கி வைத்திருக்கிறான் என்பது என் கணிப்பு. பட்டப்பெயர் இன்னும் தொடர்கிறது என்றால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

உங்கள் கணவரிடமும் பேசுங்கள். அவர் சிரித்தது விளையாட்டுக்காக இருக்கலாம், ஆனால் பிள்ளை அதை அப்பாயி பக்கம் போட்ட ஓட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பான். அவர் ஒரு வேளை, பையன் முன்னால், "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்று சொன்னால் நீங்கள் பத்து நாள் பேசுவதைவிட அதிகம் நடக்கும். மாமியாரிடம் அவர்தான் பேச வேண்டும், நீங்கள் இல்லை. 'எங்களுக்குப் பழக்கமில்லை' என்று சொல்ல மாமியாருக்கு முழு உரிமை உண்டு. சைவமாக இருக்கிறவர், விரதம் இருக்கிறவர், நம்பிக்கையால் ஒன்றை விலக்குகிறவர் எல்லோருக்கும் அந்த உரிமை உண்டு. நான் உண்பதில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், உண்கிறவரைத் தாழ்த்த வேண்டியதில்லை. இந்த ஒரு எல்லையை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாச்சி கைக்கு அவனைத் திரும்பக் கொண்டுவருவது கொஞ்சம் பொறுமையான வேலை. தோசையில் தொடங்காதீர்கள், சட்டி ஞாபகம் வரும். தோலோ ஓடோ இருப்பதில் தொடங்குங்கள். அம்மாச்சி உரித்துத் தரும் வாழைப்பழம், சீவித் தரும் இளநீர், அவித்த நிலக்கடலை, அவித்த முட்டை. உள்ளே இருப்பதை எதுவும் தொடவில்லை என்று பிள்ளை மனம் தானாகவே கணக்குப் போட்டுக்கொள்ளும். அப்புறம் அவனையும் சமையலில் இறக்குங்கள். கொழுக்கட்டை பிடிக்கட்டும், முறுக்கு பிழியட்டும், அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்து சுடட்டும். தான் கைவைத்துச் செய்ததை மறுக்கும் பிள்ளைகள் குறைவு. இரண்டு மூன்று தடவை மறுத்தாலும் யாரும் முகம் மாற வேண்டாம். ஒரு புதிய காயைக் குழந்தை ஏற்கவே பத்துப் பதினைந்து முறை தட்டில் பார்க்க வேண்டியிருக்கும், இதற்கும் அப்படித்தான் நாள் பிடிக்கும். ஊருக்குப் போகாத நாட்களில் வாரத்துக்கு ஒருமுறை வீடியோ காலில் அம்மாச்சியிடம் ஏதாவது ஒரு சமையல் சந்தேகத்தை அவனையே கேட்க வையுங்கள். அவரிடமிருந்து கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் அம்மாவிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். பேரன் சின்னப் பிள்ளை, விட்டுடும்மா என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். நீங்களும் அந்த வீட்டில் ஈசல் தின்று வளர்ந்தவர்தானே? மாமியார் சொன்னபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. பேசாமல் இருந்திருந்தால், அதையும் பிள்ளை பார்த்திருப்பான். அடுத்த மழைக்கு ஊரில் இருந்தால், அவன் கண்ணெதிரே உங்கள் அம்மாவோடு உட்கார்ந்து நீங்கள் ஒரு கை அள்ளித் தின்னுங்கள். அவனிடம் நீட்ட வேண்டாம்.

கடைசியாக, சொன்னபடி எச்சரிக்கைகள். இறாலோ நண்டோ தின்று யாருக்காவது உதடு வீங்கியிருந்தால், உடம்பில் தடிப்பு வந்திருந்தால் ஈசல் தொடக் கூடாது. இரண்டிலும் ஒவ்வாமை தரும் புரதம் ஏறக்குறைய ஒன்றே. முதல்முறை தின்கிறவருக்குச் சிட்டிகை அளவு கொடுத்துப் பார்த்துவிட்டுத் தரலாம். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டுச் சுவரிலோ தோட்டத்திலோ கறையானுக்கு மருந்து அடித்திருந்தால் அந்தப் பக்கம் கிளம்பிய ஈசல் வேண்டவே வேண்டாம். பச்சையாகத் தின்ன வேண்டாம். பிடித்ததை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிவைப்பது மிகவும் ஆபத்து. கென்யாவில் அப்படிக் கட்டி எடுத்துப்போன கறையானைத் தின்றவர்களுக்குப் போட்யூலிசம் என்ற உயிர்கொல்லி நச்சு தாக்கியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அன்றே காயவைத்து, அன்றே வறுத்து, ஈரமில்லாத டப்பாவில் வைக்க வேண்டும். நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கலாம்.

மகனுக்கு இறால் ஒத்துக்கொள்ளுமா என்று நீங்கள் எழுதவில்லை. அதையும், அடுத்த முறை ஊருக்குப் போய்வந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள்.